நாலாவது காரணம்

அன்னப்பூரணி மனு எழுதினால் ஆமி முகாமுக்குள் போன ஆள் உயிரோடு திரும்பும் என்று தொண்ணூறாம் ஆண்டு வாகரைப் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. இரண்டே இரண்டு பேர்தான் அப்படித் திரும்பி வந்திருந்தார்கள். அந்த இரண்டும் அவளுக்குத் தலைக்கேறியிருந்தன, அதை மறைப்பானேன்.

சங்கக்கடையில் பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். ஆமிக்காரர் கடையை எரித்து மனேஜரை வாசலில் சுட்டுப் போட்ட பிறகு வேலையுமில்லை, கடையுமில்லை. கையில் மிஞ்சியது இங்கிலீசு மட்டும். நல்ல தாளில் எடுத்தவுடன் எழுதவே மாட்டாள். பழைய கலண்டர் ஒற்றையைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்வாள். யாருக்கு எழுதுகிறோம், என்ன கேட்கிறோம், ஏன் தர வேண்டும், என்ன காரணம் சொல்லி மறுப்பான், அதற்கு என்ன பதில். நாலாவதில்தான் மனுவின் உயிர் இருக்கிறது என்பாள். மறுப்பு அவன் வாயில் வருமுன்னமே அதன் கழுத்தை நெரித்துவிட வேண்டுமாம்.

கண்ணகை அவளிடம் வந்தது சுற்றிவளைப்பு நடந்து ஐந்தாம் நாள். ஆம்பிளைகளையெல்லாம் பள்ளிக்கூட வளவில் வெயிலில் இருத்தி, தண்ணீர் கேட்டு எழும்பிய ஒரு கிழவரைச் சுட்டார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய, ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் வரிசையைப் பார்த்துக்கொண்டு போனான். அவன் தலையாட்டிய ஏழு பேரை வாவிக்கரையிலேயே முடித்தார்கள். கண்ணகையின் புருசன் யோகராசா, நண்டு வலைக்காரன், அதில் தப்பிவிட்டான். ஆனாலும் பங்கர் வெட்ட ஆள் வேண்டுமென்று அவனையும் இன்னும் சிலரையும் முகாமுக்கு ஏற்றிப் போனார்கள்.

முதல் மூன்றும் சுலபமாக வந்தன. நாலாவதில் பென்சில் நின்றது. இயக்கத்தோடு சேர்ந்தவன் என்று சந்தேகப்பட அவனிடம் ஏதாவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டாள். கண்ணகை இல்லையென்று தலையாட்டினாள்.

“மறைக்காமச் சொல்லுகா. அவங்கள் கண்டுபிடிக்கிறதுக்கு முன்ன நாம சொல்லிப்போடணும்.”

“வலது முழங்கால்ல ஒரு நீளத் தழும்பு இரிக்கிக்கா. வாவிக்குள்ள விழுந்து மட்டிச் சிப்பி ஓடு கிழிச்சது.”

அன்னப்பூரணிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தவழ்ந்து பயிற்சி எடுத்தவனுக்கு முழங்காலில் தழும்பிருக்கும் என்பது ஆமிக்காரர் கணக்கு. ‘வலது முழங்காலிலுள்ள தழும்பு மட்டி ஓட்டினால் வந்தது, பயிற்சியினால் அல்ல’ என்று அழகான இங்கிலீசில் எழுதினாள். கண்ணகை அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காவலரணில் இரண்டு கையாலும் நீட்டினாள்.

மூன்றாம் நாள், யோகராசாவோடு ஏற்றிப் போன சீனித்தம்பி முகாமிலிருந்து விடுபட்டு வந்தான். காது ஒன்று பிய்ந்து தொங்கியது. கண்ணகையிடம் யோகராசாவின் சாவை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை அன்னப்பூரணியிடம் வந்து சொன்னான். முந்தின நாள் காலை எல்லாரையும் விடுவதற்கென்று வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அதிகாரி ஒரு தாளோடு வந்து யோகராசாவைக் கூப்பிட்டுக் காற்சட்டையைச் சுருட்டச் சொல்லியிருக்கிறான்.

“அதுவரைக்கும் எங்கட முழங்கால ஒருத்தனும் பாக்கல்ல, அக்கா.”

துவக்குப் பிடியால் அந்த முழங்காலையே அடித்து நொறுக்கி, எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மட்டி, மட்டி என்று கத்தியிருக்கிறான். பொழுதுபடும்போது சத்தம் நின்றுவிட்டது. அவன் வெட்டிய குழிக்குள்ளேயே அவனைப் போட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் கண்ணகை வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பிரேதத்தையாவது கேட்டு எழுத வேண்டுமாம்.

“முழங்கால் தழும்பக் கட்டாயம் எழுதுங்க. அத வச்சுத்தான் அவர அடையாளம் காணலாம்.”

அன்னப்பூரணி கலண்டர் ஒற்றையை எடுக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம், சீனித்தம்பி வாய் திறந்திருக்கமாட்டான். ஆனால் அவளால் முடியவில்லை.

“அவங்களுக்கு அந்தத் தழும்பு தெரியா, கண்ணகை. நான் எழுதித்தான் தெரிஞ்சது. அண்டைக்கு அவன விட இருந்தவங்க.”

கண்ணகை மேசையில் கிடந்த கண்ணாடி மைக்கூட்டை எடுத்து அவள் வாயில் ஓங்கிக் குத்தினாள். மறுபடி குத்தினாள். பல்லொன்று தெறித்து விழுந்தது. அன்னப்பூரணி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூன்றாம் முறை ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கண்ணகை மைக்கூட்டை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

“எழுது” என்றாள்.

அன்னப்பூரணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நல்ல தாளிலேயே எழுதத் தொடங்கினாள். வலது முழங்கால், நீளத் தழும்பு, மட்டி ஓட்டினால் வந்தது.