கொடிமரத்துக்கு ஒரு தேக்கு

மழை ஓய்ந்த காலையில் நனைந்த தேக்குத் தூளுக்கு ஒரு வாசனை உண்டு, பழைய தோலும் எண்ணெயும் கலந்தது போல. மயிலாப்பூரில் மரம் அறுத்து விற்கும் எங்கள் "மரவாடி"க்குப் பின்னாலேயே வீடு என்பதால் தலைமுடி, பள்ளிச் சீருடை, தயிர்ச்சாதம் எல்லாவற்றிலும் அது இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பக்கத்துக் கோயிலின் கொடிமரம் உளுத்துப்போனது. புதியது ஒரே மரமாக, வளைவும் பொந்தும் இல்லாமல், ஐம்பதடி உயரம் வேண்டும் என்றார் தர்மகர்த்தா. பழையதைக் கொடுத்தவர் என் தாத்தா என்பதால் அப்பா யாரையும் விசாரிக்கவில்லை. "நம்ம வாடியில இல்லாத தேக்கா சாமி?" என்று சன்னிதியிலேயே தாம்பூலம் வாங்கிக்கொண்டார். எங்கள் தொழிலில் தாம்பூலம் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் தேடப் போனார். மேற்கு மலையடிவாரத்தில் தாத்தா வழக்கமாக மரம் எடுத்த அரசு டிப்போவில் அடுக்கியிருந்த தேக்கு எல்லாம் ஒரே வயது, ஒரே பருமன். கட்டிப்பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளும். "காடு பச்சையாத்தானுங்க இருக்குது. பழசையெல்லாம் அந்தக் காலத்துலயே வெட்டியாச்சுங்க, இது நாங்க நட்டது" என்றாராம் அங்கிருந்த காவலர். தாத்தா வாங்கி விற்றதும் அந்தப் பழசைத்தான். இதை எங்களிடம் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்ததிலேயே உயரமானதை லாரியில் ஏற்றி வந்தார். பட்டினப்பாக்கத்திலிருந்து சுமை இறக்க வரும் மாணிக்கம் ஒரு முனையைத் தோளில் தாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மொதலாளி, கொடிமரம் கேட்டா துணி காயப்போட கம்பு எத்துக்கினு வந்துகீறியே!" என்றார். வாடியே சிரித்தது, அப்பாவைத் தவிர.

தர்மகர்த்தா வந்து பார்த்தார். "ரெண்டா ஒட்டிப் பித்தளைத் தகடு அடிச்சுட்டா யாருக்குத் தெரியப் போறது?" என்றார். அப்பா உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். கொடிமரத்துக்கான தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில், வேறொரு வாடி மூலமாக வந்தது. கோயில் வேலை எதற்கும் அதன்பின் எங்களை யாரும் கூப்பிடவில்லை.

வாடி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு; கதவுகளெல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. போன வருடம் அந்த மலைப்பாதையில் போனபோது, எவ்வளவு பச்சை என்று வண்டியில் எல்லோரும் வியந்தார்கள். பச்சைதான்: வரிசை பிசகாமல் தேக்கு, அதற்கு மேலே தைலமரம், அதற்கும் மேலே தேயிலை. அப்பா தேடிய மாதிரிப் பழைய தேக்கு ஒன்றாவது தப்பி நிற்கிறதா என்று ஜன்னலோரமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். உச்சி வரை ஒன்றும் கண்ணில் படவில்லை.