விருப்பப் பட்டியலின் முதல் வரி

மகளின் பிளஸ் டூ முடிவு வந்தது ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தபோது, நான் மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கும் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். கணிதம் 82, இயற்பியல் 86, வேதியியல் 85. கையுறையைக் கழற்றாமலே மனத்துக்குள் கூட்டினேன். பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதிப் பாதியாக. 82, 43, 42.5. இருநூற்றுக்கு 167.5.

நல்ல மதிப்பெண். அடுத்த இரண்டு மாதத்தில் இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. எல்லோரும் “நல்ல மார்க்குதான்” என்று தொடங்கி, ஒரு மூச்சு நிறுத்தி, “ஆனா” என்றார்கள். நூற்றுத் தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளைக்கு யாரும் யோசனை சொல்வதில்லை, வேண்டியதில்லை. நூற்றிருபது எடுத்த பிள்ளைக்கும் சொல்வதில்லை, கிடைக்கிற இடத்தில் சேர்ந்துவிடும். நடுவில் நிற்கிற பிள்ளையைத்தான் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் மீன் சந்தையிலும் நிறுத்திவைத்துப் பேசுவார்கள். அவள் தலையாட்டுவாள். நானும் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்து இருவரும் விசிறிக்குக் கீழே உட்காருவோம்.

கல்யாணமான வருடத்திலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிறேன். அருமனையில் மழை தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம், தெருவில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள், பேருந்துக் கட்டணம் எப்போது ஏறியது என்பவையெல்லாம் அதில் இருக்கும். பழைய அதிகாரிகளின் நாட்குறிப்புகளையும் பயணக் குறிப்புகளையும் நூலகத்தில் தேடித் தேடி வாசிப்பவள் என்பதால், தேதி போட்டு எழுதியது பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை எனக்கு உண்டு. மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் தனியாக ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வருடமும் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எத்தனை மதிப்பெண்ணோடு நிரம்பியது என்று இணையத்திலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினேன். அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லி, “இதுக்கு எங்க கிட்டும்?” என்று கேட்டு வருவார்கள். நோட்டைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

மகளுக்கு வேண்டியது சிவில். அதுவும் கோவையில் உள்ள அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில். மார்த்தாண்டம் மேம்பாலம் எழுந்த நாட்களில் அவள் சின்னப் பிள்ளை. விடுமுறையில் வந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரும்புத் தூலத்தைத் தூக்கி வைப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றவள். அப்பா இப்போதும் மஸ்கட்டில்தான், ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஃபோர்மேன். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ அழைப்பில் வருவார்.

“ஏட்டி, சிவில் படிச்சவனெல்லாம் இஞ்ச வெயில்ல நிக்கான். கம்ப்யூட்டர் எடு மக்களே.”

“அப்பாவும் வெயில்லதான நிக்கிய?”

“நான் நிக்கதுனாலதான் சொல்லுகேன்.”

“அப்பம் நான் தொப்பி போட்டுட்டு நிக்கேன்.”

அவர் சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாடம் சிவில்தான் என்று ஆயிற்று. எங்கே என்பதுதான் மிச்சம்.

பொறியியல் கலந்தாய்வில் அவளுடைய ரேங்குக்கு இரண்டாம் சுற்று. கணினியில் விருப்பப் பட்டியல் போட மூன்று நாள் தருவார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாக எழுதி, மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் மாற்ற முடியாது. முதல் இரண்டு நாளும் வீட்டில் விவாதம். கோவைக் கல்லூரியில் சிவில், எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு, மூன்று வருடமாக அவளுடைய மதிப்பெண்ணுக்கு ஒன்றோ இரண்டோ மேலேயேதான் நின்றிருந்தது. நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதே சிவில், சற்றுக் கீழே. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரலாம்.

என் கணக்கு இதுதான். கிடைக்காததை முதலில் கேட்டு நின்றால், கிடைக்கக்கூடியதை அதற்குள் வேறு யாராவது முதலில் கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான். யார் முதலில் டோக்கன் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் ஊசி. ஆகவே நிச்சயமானது முதல் வரியில், ஆசைப்பட்டது நாலாவது வரியில்.

மூன்றாம் நாள் புதன்கிழமை, நாலரை மணிக்கு அருமனைச் சந்திப்பில் உள்ள பிரவுசிங் சென்டரில் இருந்தோம். வெளியே ஆடி மழை. கடையை நடத்துகிற பெண்மணி என்னைவிட நாலைந்து வயது இளையவர். பட்டியலைத் திரையில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இஷ்டமுள்ளத மேல வைக்கணும்னுல்லா சொல்லுகாவ?”

நான் நோட்டைத் திறந்து மூன்று வருடத்து எண்களைக் காட்டினேன்.

“அய்யோ, ஒங்களுக்குத் தெரியாததா,” என்று ஒதுங்கிக்கொண்டார்.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, கோயம்புத்தூர மேல வச்சா என்ன? கிட்டலேன்னா அடுத்தது வரும்லா?”

“வராது மக்களே. அதுக்குள்ள அது போயிரும்.”

“போவாதும்மா. ரேங்க் பாத்துதான் குடுப்பாவளாம்.”

“மூணு வருஷமா எழுதிட்டு வாறேன். எனக்குத் தெரியாதா?”

அவள் தோளைக் குலுக்கினாள். “செரி. பூட்டுங்கோ.” இரண்டு மாதமாக எல்லோருக்கும் தலையாட்டிய களைப்பு அந்தக் குரலில் இருந்தது. அப்போது அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை நானே தட்டினேன். நாலு ஐம்பத்திரண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி, சிவில், முதல் விருப்பம். எழுதியது எழுதியபடி. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

மதியம் இரண்டேகாலுக்கு, எங்கள் மருத்துவமனை செவிலியர் ஒருவர் பரிசோதனைக் கூடத்துக்குப் படியேறி வந்தார். குளச்சல்காரி. பத்து வருடப் பழக்கம். அவருடைய மகனும் இதே சுற்று, இதே பிரிவு. என் மகளைவிட மூன்று மதிப்பெண் குறைவு.

“ஏட்டி, எனக்க மவனுக்கு கோயம்புத்தூர் கிட்டிருக்கு! சிவிலு!”

நான் கல்லூரியின் பெயரைக் கேட்டேன். அதேதான்.

“எத்தனாவதுல எழுதியிருந்தான்?”

“மொதல்ல. நான் ஒண்ணும் பாக்கல. எனக்கு நைட் டூட்டி. அவனுக்க இஷ்டத்துக்கு எழுதினான். மாதாவே காப்பாத்துன்னு நானும் விட்டுட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஒனக்க மோளுக்கு மார்க்கு கூடத்தான? அவ கேக்கலியா?”

கேட்டிருந்தாள். நாலாவதாக. அந்த வருடம் சிவில் எல்லா இடத்திலும் கீழே இறங்கியிருந்தது. அதுகூட என் தவறில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பட்டியலைப் பற்றி மகள் சொன்னதுதான் சரி. கணினி ஒவ்வொரு பிள்ளையாக ரேங்க் வரிசையில் எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதலில் கேட்டவருக்கு முதலில் என்பது அங்கே இல்லை. கோவையை முதலில் எழுதியிருந்தால் எதுவும் போயிருக்காது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டதால், யாராவது விட்டுப்போகிற இடத்துக்கு இனி மேலே ஏறவும் வழியில்லை. பட்டியலில் அதற்கு மேலே எதுவும் எழுதப்படவில்லை.

இதே யோசனையை அந்த வாரம் இன்னொரு வீட்டுக்கும் சொல்லியிருந்தேன். அவர்கள் இன்றும் என்னிடம் பழையபடியே பேசுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. நானும் இன்னும் சொல்லவில்லை.

மாலை வீட்டுக்குப் போனபோது மகள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பின் வாட்ஸ்அப் குழு வழியாக அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. நான் சொல்லத் தொடங்கியதும் கத்தியை வைத்தாள்.

“நோட்டு தப்புன்னு சொல்லாண்டாம்மா. நோட்டுல உள்ளது செரிதான்.”

“பொறவு?”

“அம்மைக்கு நான் வெளியூரு போவாண்டாம். அத வாயால சொல்லியிருக்கலாம்லா? நான் வேணும்னா யோசிச்சிருப்பேன்.”

அப்படியில்லை என்று உடனே சொன்னேன். அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். இரவு பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அவள் வெளியூர் போவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோவைக்கு எத்தனை மணிக்கு ரயில், விடுதி எப்படி, ஒன்றும் விசாரித்து எழுதவில்லை. நாகர்கோவில் கல்லூரிக்குப் போகும் பேருந்துகளின் நேரம் மட்டும் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ஏழு பத்து, ஏழு முப்பத்தைந்து, எட்டு. பிளஸ் டூ முடிவு வருவதற்கும் முந்தைய மாதத்தில் எழுதியது.

சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் பதில் சொல்லவேண்டும். கிடைத்ததை ஏற்கலாம், அல்லது விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். விட்டால் விட்டதுதான். அடுத்த சுற்றில் என்ன மிச்சமிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மஸ்கட்டிலிருந்து அவர் சொன்னார்: “கையில கிட்டினத விடாண்டாம்னு அவகிட்ட சொல்லு.” நானும் அதையே நினைத்தேன். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எதையும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அழைத்தாள். கூடத்தில் இருபத்தொரு மாதிரிகள் காத்திருந்தன. வெளியே ஒரு முதியவர், காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தது வீணாயிற்றா என்று கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, கடையில இருக்கேன். ஒங்க போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும். சொல்லுங்கோ.”

வந்திருந்தது. ஏற்பதற்கா விடுவதற்கா, எதற்கு அமுக்குகிறாள் என்று அதில் இல்லை, எண் மட்டும் இருந்தது. கேட்டால் சொல்லியிருப்பாள். சொன்ன பிறகு நான் பேசாமல் இருந்திருக்க மாட்டேன். பத்து நிமிடம்தான் அந்த எண்ணுக்கு ஆயுள். அதில் இரண்டு நிமிடம் போல நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“அம்மா?”

ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

அடுத்த சுற்றுக்கான பட்டியலை அவளே போட்டாள். நான் நோட்டைக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு வாரம் வீட்டில் கல்லூரி என்ற சொல்லே எழவில்லை. யாராவது கேட்டால், “வரும்” என்றோம். என்னவென்றே தெரியாமல் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும். ஒரு கல்யாணத்துக்குப் போகாமலே இருந்துவிட்டேன்.

முடிவு வந்த அன்று எனக்குக் காலைப் பணி. மதியம் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தவாறே சொன்னாள்.

“கோயம்புத்தூர் இல்லம்மா. அது போன சுத்துலயே முடிஞ்சு. சேலம் கிட்டிருக்கு.”

“சிவிலா?”

“சிவிலுதான்.”

சேலத்துக் கல்லூரி எப்படி என்று எனக்குத் தெரியும். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரியைவிட நல்லது என்று சொல்ல முடியாது. விட்டுக்கொடுத்ததும் கிடைத்ததும் ஏறத்தாழ ஒன்றுதான், நடுவில் ஒரு ரயில் பயணத்தைத் தவிர. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்லமுடியாது. ஆனால் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

“உனக்க லிஸ்டுல எத்தனாவது?”

“மூணாவது.”

“நாகர்கோயில எங்க வச்சிருந்த?”

“எழுதவே இல்லம்மா.”

நான் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். விடுதிக்கு எந்தத் தேதிக்குள் போகவேண்டும் என்று கேட்டேன். அடுத்த புதன்கிழமைக்குள் என்றாள். இரண்டு தலையணை உறையும் ஒரு வாளியும் வாங்கவேண்டும் என்றாள். “வாளிய அங்கயே வாங்கலாம் மக்களே, ரயில்ல ஏன் தூக்கிட்டுப் போவணும்,” என்றேன். அவள் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றாள்.