மூன்றாம் தடவை கேட்ட வயலின்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஒருவருக்கு ஒரு தந்திரம் உண்டு. வந்தவர் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, முன்னாடி போட்டதா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். நடுவில் ஒரு வில்லையைக் கழற்றித் துடைத்து, அதையே திரும்பச் செருகி, "இப்போ?" என்பார். பாதிப் பேர், "அட, இது பரவாயில்லையே" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களின் மற்றப் பதில்களை இன்னொரு தரம் சரிபார்ப்பார். தொழிலுக்கு அது நல்லதுதான்.

வினை எங்கே வந்ததென்றால், கல்யாணமான புதிதில் அதைச் சொந்த மனைவியிடமே செய்து பார்த்ததில். அவரும் வெள்ளந்தியாக, "இப்போ பளிச்சுன்னு இருக்குங்க" என்று சொல்லிவிட்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த மனிதருக்கு அவல் கிடைத்துவிட்டது! சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "எங்க வீட்டம்மாவுக்குக் கண்ணாடி போட்ட கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவியும் சிரித்து வைப்பார். ஒவ்வொரு தரமும் உள்ளே சுருக்கென்று தைக்கும், அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கண் கணவருக்குத் தொழில் என்றால் பாட்டு அவருக்குப் பைத்தியம். கூடத்தில் பாதியை இரண்டு ஸ்பீக்கர்கள் அடைத்துக்கொண்டிருக்கும். போதாததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்ப்ளிஃபயருக்கென்று கட்டைவிரல் தடிமனில் ஒரு பவர் கேபிளை வாங்கி வந்தார். செருகி, வயலின் இசைத்தட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"வில்லு நரம்பைத் தொடுறதுகூடக் கேக்குது பாரு!"

மனைவி கேபிளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, சுவத்துக்குள்ள வர்றது அதே பழைய ஒயர்தானே? கடைசி ரெண்டு முழத்துல கரண்டுக்கு அப்படி என்ன ஆயிடும்?"

"அதெல்லாம் தெரியாது. காது சொல்லுதே."

"அப்ப காதையே கேட்டுடலாம். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் மூணு தடவை கழட்டி மாட்டுறேன். எது புதுசுன்னு சரியாச் சொல்லிட்டா இன்னொண்ணு வேணும்னாலும் வாங்கிக்குங்க."

"தப்பாச் சொன்னா?"

"அந்தக் கண்ணாடிக் கதையை இனிமே யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிற மனிதர் அதைக் கவனிக்கவில்லை. போட்டிக்கு உடனே தயாராகிவிட்டார்.

முதல் தடவை கேட்டுவிட்டு, "பழசு. மந்தமா இருக்கு" என்றார். இரண்டாம் தடவை கொஞ்சம் யோசித்து, "இதுவும் பழசுதான்" என்றார். மூன்றாம் தடவை மனைவி சுவிட்சை அணைத்து, எதையோ உருட்டிப் புரட்டி, மறுபடி போட்டதும் வயலின் எழுந்தது. அவர் தொடையில் தட்டினார்.

"ஆங்! இதுதான் புதுசு! நான் சொல்லல?"

வெற்றிக் களிப்போடு திரும்பினார். புதுக் கேபிள் மனைவியின் தோளில் மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணு தடவையும் பழசுதாங்க. கழட்டினேன், தொடச்சேன், அதையே செருகினேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பீக்கரைக் கை காட்டி, "ஆனா எனக்கு நிஜமாவே நல்லாக் கேட்டுதும்மா. சும்மா சொல்லல" என்றார்.

"நானும் அன்னைக்குச் சும்மா சொல்லலீங்க."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை வீட்டில் எல்லோரும் கூடியபோது, மனைவியின் தம்பி வழக்கம்போல் எடுத்துக்கொடுத்தான்: "மாமா, அந்தக் கண்ணாடிக் கதை..."

"அது பழசுப்பா. கேபிள் கதை சொல்றேன், கேளு" என்று தன் மானத்தைத் தானே கப்பலேற்றினார். சிரிப்பு அடங்கவே நேரமானது.

"ஆனா ஒண்ணு," என்றார் மனைவி, தட்டுகளை அடுக்கியபடி. "மூணாவது தடவை எனக்குமே நல்லாத்தான் கேட்டுது. அதே பழைய ஒயரைச் செருகினவளே நான்தான், இருந்தும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜமாவா? அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்கே கேட்டீங்க?"