நல்ல நேரத்துக்குக் காத்திருந்தவர்

விருதுநகரில் கார், வேன் விற்கும் எங்கள் கம்பெனியில் செல்வநாயகம் அண்ணாச்சிதான் தலைமை மெக்கானிக். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே விற்பனைப் பிரிவில் இருந்தேன். புது வண்டியைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, வாங்குகிறவர் கைக்குச் சாவி போகிற வரைக்கும் அது அண்ணாச்சியின் பொறுப்பு.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சிவகாசி, தாயில்பட்டிப் பட்டாசு முதலாளிகள். பட்டாசு ஆலையில் விளக்கேற்ற முடியாது. பொழுது சாய்ந்து ஆட்கள் போனபிறகுதான் அவர்களுக்கு ஓய்வு. வந்தாலும் ஜோசியர் குறித்த நல்ல நேரம் வரவேண்டும். அதுவரை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அண்ணாச்சி காத்துக் கிடப்பார். கிறிஸ்தவ வேதக்காரரான அவருக்கு நல்ல நேரத்தில் நம்பிக்கையே கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் அதற்காக அதிகம் காத்திருந்த மனிதர் அவர்தான்.

அவர் மனைவி ஞானஜோதி அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் ராத்திரி டூட்டி. காலையில் அக்கா வருமுன் அண்ணாச்சி கிளம்பியிருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டால், அக்கா டூட்டிக்குப் போகும்வரை இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம். அவர்கள் குடும்பம் நடத்தக் கிடைத்ததே அவ்வளவுதான். அதையும் நல்ல நேரம் தின்றுகொண்டிருந்தது. பாதி நாள் தெருமுனையில் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொள்வதோடு சரி.

அந்த வருஷம் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். நேரம் கடந்து வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்பது சட்டம். எங்கள் முதலாளி கனகசபாபதி நல்ல மனிதர்தான், காசு என்று வந்தால் மட்டும் கை மடங்கிவிடும்.

“சாயங்காலம் யாரும் வேலை பாக்கலைங்க. சும்மாதான் உக்காந்திருக்காக,” என்றார்.

இன்ஸ்பெக்டர் அண்ணாச்சியைக் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிறவி. “ஆமா சார், சும்மாதான் இருக்கேன்,” என்று சொல்லிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“சும்மா இருக்கிறவர் வீட்டுக்குப் போயிரலாமே?”

“எப்படிப் போக, சார்? வண்டி கெளம்பணும்ல.”

“அப்ப அது வேலைதான்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுவாரமே முதலாளி ஒரு புது விதி போட்டார். ஆறு மணிக்கு மேல் வண்டி எடுத்தால், அந்த இரட்டைக் கூலி வாங்குகிறவர் தலையில். பிறகு பாருங்கள், பட்டாசு முதலாளிகளுக்குப் பகலிலேயே ஓய்வு கிடைத்தது, அத்தனை ஜோசியருக்கும் மத்தியானத்துக்குள்ளேயே நல்ல நேரம் கிடைத்துவிட்டது.

வண்டி கழுவும் காளிராஜுக்குத்தான் மனசு ஆறவில்லை. “ரெட்டக் கூலி போச்சே, அண்ணாச்சி.”

“போகட்டும்லே,” என்றபடி அவர் சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். டூட்டிச் சேலையை மடித்துக்கொண்டிருந்த அக்கா, அந்நேரத்தில் அவரைக் கண்டதும் பதறி, “உடம்புக்கு என்ன செய்யுது?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லையாம்.

“எம்புட்டு நேரம் இருப்பீக?”

“நீ கெளம்புற வரைக்கும்.”

அன்றைக்கு அக்கா டூட்டிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனார்.