ரப்பருக்குத் தமிழ் தெரியாது

இந்த வாரம் எழுதாமல் டபாய்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஜுரம் என்று ஒரு கார்டு போட்டால் ஆசிரியர் நம்பிவிடுவார். மெக்கானிக் ஒருவன் தன் தொழிலில் தானே விட்ட கோட்டையைப் பத்திரிகையில் போட்டு, தன் ஷெட்டுக்குத் தானே பூட்டு போட்டுக்கொள்வானா?

ஆனால் மல்லிகா அண்ணி விடவில்லை. "நீ எழுதலன்னா நான் எழுதிடுவேன் தம்பி. எனக்கு ஸ்பெல்லிங் வேற தெரியும்" என்றார்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவனை இதைவிட எப்படி மிரட்டுவது? எழுதிவிட்டேன்.

மல்லிகா அண்ணி என்பவர் பிள்ளைப்பாக்கம் கன்னியப்பன் அண்ணனின் மனைவி. கன்னியப்பன் அண்ணன் போன மாதம்வரை கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். திடீரென்று ஒரு நாள் சூப்பர்வைசரிடம் போய், "நாளையிலிருந்து நான் வரல சார்" என்று சொல்லிவிட்டு வந்து, மிலிட்டரியில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்தினார்.

காரணம் இருக்கிறது. ஒரகடம் பக்கம் நிலம் அளந்துகொண்டிருக்கிறார்கள். இஞ்சினீயர்களுக்குக் காடு, மேடு, சேறு, ஏரிக்கரை என்று சுற்றுவதற்கு ஒரு ஜீப் வேண்டும். டிரைவரோடு சேர்த்து, வேலை முடிகிறவரை.

ஒரே ஒரு நிபந்தனை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வடக்குப்பட்டு ஏரிக்கரை. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கரைமேலிருந்து இறங்கி, நடுச்சரிவில், இஞ்சினீயர் போட்ட கோட்டுக்குள் வண்டியை நிறுத்திக் காட்டவேண்டும். நின்றால் வேலை. நிற்காவிட்டால்... வேறொரு ஜீப்காரர் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார். கம்பெனியில் கன்னியப்பன் அண்ணன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் போட்டாகிவிட்டது. திரும்பிப் போக வழி இல்லை.

அந்த ஜீப்பின் பிரேக் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? முதல் தடவை மிதித்தால் வண்டிக்குத் தகவல் போகும். இரண்டாவது மிதிக்கு யோசிக்கும். மூன்றாவதுக்கு, சரி பார்க்கலாம் என்னும். நான்காவது மிதியில் நிற்கும் — அதற்குள் நாம் போகவேண்டிய இடத்தைத் தாண்டியிருப்போம்.

"ப்ரேக்க டைட் பண்ணி குடுத்துடு, போதும்" என்றார் அண்ணன்.

"டைட் பண்ணா தாளாதுண்ணா. ஆபரேஷன்தான்" என்றேன்.

ஜீப் சக்கரத்துக்குள்ளே டிரம் என்று ஒரு இரும்புச் சட்டி இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் உள்ளிருந்து இரண்டு கட்டைகள் விரிந்து சட்டியைப் பிடிக்கும். இந்த வண்டியில் இருந்தது ஒன்பது இஞ்ச் சட்டி. சமதளத்தில் ஒரு ஆள் போக அது போதும். ஆறு பேரோடு ஏரிக்கரையில் இறங்க? பழைய சாமான் விற்கிற மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய், பிந்தி வந்த மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய பதினொரு இஞ்ச் செட் நான்கு சக்கரத்துக்கும் வாங்கி வந்தேன். புதுக் கட்டை அடித்து, டிரம்மை லேத்தில் கொடுத்து உள்பக்கம் நூலிழை அளவு சீவி, எல்லாவற்றையும் வியாழக்கிழமை பூட்டினேன்.

கடைசி வேலை, பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுப்பது. ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறந்து மூடவேண்டும். ஒரு துளி காற்று உள்ளே தங்கினாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அன்றைக்கு மிதிக்க வந்தவர் மல்லிகா அண்ணி.

"அமுக்கு அண்ணி... புடி... விடாத... இப்ப விடு."

"எவ்ளோ நேரம்யா அமுக்கறது? காலு மரத்துப்போச்சு."

"தையல் மிஷின் மிதிக்கிற காலுதானே? பழகிக்கோ."

"அதுல மிதிச்சா ரவிக்கையாச்சும் வரும். இதுல இன்னா வருது?"

"அண்ணன் முழுசா வூடு வந்து சேருவாரு."

அண்ணி அதற்கப்புறம் இன்னும் அழுத்தி மிதித்தார்.

சாயங்காலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். தொட்டால் நின்றது. கன்னியப்பன் அண்ணன் ஸ்டீயரிங்கில் நெஞ்சை இடித்துக்கொண்டார். இடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் காலரைத் தூக்கிவிட இரண்டு கை போதவில்லை. பராமரிப்புப் பாடம் வேறு நடத்தினேன். தண்ணியில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டணும், கட்டை காயும். சேற்றில் போன அன்றைக்கே சக்கரத்தைக் கழுவணும். அப்புறம், போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னேன்.

"புதுக் கட்டை, செட்டாவறப்போ ப்ரேக் டப்பால ஆயில் கொஞ்சம் எறங்கும். கொறஞ்சா கோடு வரைக்கும் ஊத்திக்கோண்ணா."

அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் மெக்கானிக்காக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். மெட்ராஸ் முதல் காஞ்சிபுரம் வரை எந்த ஷெட்டிலும் அதற்குப் பெயர் பிரேக் ஆயில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெட் வாசலில் கருகல் வாடை. ஜீப் முதல் கியரில் அழுதுகொண்டே வந்து நின்றது. நாலு சக்கரத்திலும் புகை. மாவை ஊற்றினால் தோசை சுடலாம். பெடல் கருங்கல் மாதிரி. வழக்கமாகப் பிரேக் பிடிக்காமல்தான் வண்டிகள் என்னிடம் வரும். இது பிடித்த பிடியை விடாமல் வந்திருக்கிறது.

கன்னியப்பன் அண்ணன் முகம் செத்திருந்தது. பின்சீட்டிலிருந்து அண்ணி இறங்கினார்.

"ரோடு பூரா மக்கள் நின்னு பாக்கறாங்க. இன்னாயா பண்ணி வெச்சிகீற?" என்றார் அண்ணன்.

டப்பா மூடியைத் திறந்தேன். விரலை விட்டுத் தேய்த்தேன். வழவழ. முகர்ந்தேன். வாடையே வேறு.

"அண்ணா, இதுல இன்னா ஊத்துன?"

"ஆயில்."

"எந்த ஆயில்?"

"இஞ்சின் ஆயில்தான். அதுலயும் மட்டமானது வாங்கல. இருக்கறதுலயே நல்ல ஆயிலா குடுன்னு கேட்டு வாங்கியாந்தேன். ஒரு விரக்கடை கொறஞ்சிருந்துச்சு, நீ சொன்ன கோடு வரைக்கும் ஊத்துனேன்."

கத்த ஆரம்பித்தேன். "பிரேக் ஆயில ஊத்துன்னா இஞ்சின் ஆயில ஊத்துவியா? பதினஞ்சு வருஷம் கம்பெனில மிஷினுங்களோட குடித்தனம் பண்ணவரு, இதுகூடவா தெரியாது?"

"அங்க எல்லா மிஷினுக்கும் ஆயில்தான்டா ஊத்துவோம். நீயும் ஆயில்னுதானே சொன்ன?"

நான் அலமாரியிலிருந்து டின்னை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதுதான் பிரேக் ஆயில். பாரு."

டின்னை வாங்கியது அவர் இல்லை. அண்ணி. பத்தாவது பாஸ். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியில்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல ஆயில்னு எங்க போட்டுகீது?"

"போட்டிருக்கும். நல்லா பாரு அண்ணி."

"ப்ரேக் ஃப்ளூயிட்னு போட்டுகீது. ஃப்ளூயிட்னா திரவம். ஆயில்ங்கிற வார்த்தை இந்த டின்னுலயே இல்ல."

எத்தனை வருஷமாக அந்த டின்னைத் திறந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்... அதில் எழுதியிருப்பதை ஒரு நாளாவது படித்திருக்கிறேனா? கலரைப் பார்த்து வாங்குவேன், படத்தைப் பார்த்து அடுக்குவேன். தப்பு செய்தது அவர் கை இல்லை. என் வாய். அதை அப்போது சொன்னேனா? இல்லை. ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன் ரஹீம். என் சிநேகிதன். சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தான். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த கிண்ணம் மாதிரி ரப்பரை எடுத்து அவன் கையில் வைத்தேன். இஞ்சின் ஆயிலைக் குடித்து, ராத்திரி ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பியிருந்தது. மிதித்தபின் திரவம் திரும்பி வர ஒரு ஊசித்துளை உண்டு. உப்பிய ரப்பர் அதை அடைத்துவிட்டது. பிடித்தது விடாமல் போனது அதனால்தான்.

"மாஸ்டர் மட்டும் மாத்துனா போதுமா?" என்றான் ரஹீம்.

"போதாது. ஆயில் பட்ட ரப்பர் அத்தனையும் மாத்தணும். இன்னிக்கு ஓடும், நடுக்கரையில காலை வாரும். நாலு சக்கரத்துக்கும் ரப்பர் வேணும். ஞாயித்துக்கெழம எவன் கடை தொறந்து வெச்சிருப்பான்?"

"கடை தொறக்கலன்னா இன்னா, கடைக்காரன் வூடு தொறந்துதான் இருக்கும். எங்க பெரியப்பா மருமவன். தூங்கினு இருந்தாலும் எழுப்புவேன்."

பழைய ரப்பரை அளவுக்காக ஒரு தாளில் சுற்றிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினான்.

அவன் வருவதற்குள் நான் எல்லாவற்றையும் கழற்றினேன். குழாய்களைப் பெட்ரோல் விட்டுக் கழுவக்கூடாது. அதுவும் ரப்பருக்கு ஆகாது. ஆசாரியிடம் மேஜைக்குப் பாலிஷ் போட வைத்திருந்த ஸ்பிரிட்டைக் கெஞ்சி வாங்கி, குழாய் குழாயாகக் கழுவினேன். புகைந்த கட்டைகளைப் பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மதியம் மூன்று மணிக்கு ரஹீம் ரப்பரோடு வந்து இறங்கினான். அண்ணி யாரும் கூப்பிடாமலே சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்தார்.

"சொல்லு. அமுக்கவா?"

வெளிச்சம் போவதற்குள் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை பத்து மணி. வடக்குப்பட்டு ஏரிக்கரை. நிலம் அளக்கச் செயின் பிடிக்கிறவர்கள் ஆறு பேர் தயாராக நின்றார்கள். இஞ்சினீயர் திருநெல்வேலிக்காரர். சரிவின் நடுவில் செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தார். பிறகு கன்னியப்பன் அண்ணனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நேத்து உம்ம வண்டி ரோட்டுல பொகைஞ்சுக்கிட்டு வந்துச்சாமே. என்ன விஷயம்?"

ஊரில் செய்தி ஜீப்பைவிட வேகமாகப் போகிறது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். எந்த ஆயிலை ஊற்றினார் என்று சொன்னால், இவனை நம்பி வண்டியில் ஏறுவதா என்று கேட்பார்கள். இஞ்சின் சூடு என்று நான் ஒரு பொய்யை எடுத்துவிட்டிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது.

"அது நான் பண்ண தப்பு சார். பிரேக் ஃப்ளூயிட்ட ஆயில்னு சொல்லிக் குடுத்துட்டேன். இவரு நான் சொன்னத அப்படியே செஞ்சாரு. நேத்தே எல்லா ரப்பரும் மாத்தியாச்சு."

ஃப்ளூயிட் என்று நான் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நாக்கு குழறியது.

"இப்ப நிக்குமா டே?"

"நிக்கும் சார். சந்தேகமா இருந்தா நான் கோட்டுக்கு முன்னாடி நிக்கிறேன்."

போய் நின்றேன். கோட்டிலிருந்து நாலு அடி கீழே. கரைமேல் ஜீப் தெரிந்தது. கீழிருந்து பார்க்கும்போது அது ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? மூக்கைத் தாழ்த்தி இறங்கியது. செம்மண் தெறித்தது. ஆறு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரே மிதி. கோட்டைத் தொட ஒரு முழம் இருக்கும்போதே வண்டி நின்றது. பின்னால் வந்த புழுதிதான் என்மேல் ஏறிப் போனது.

அதோடு முடியவில்லை. பெடலை விட்டவுடன் பிடியும் விட்டது. சக்கரம் சத்தமில்லாமல் நகர்ந்தது. நான் காத்திருந்தது அதற்குத்தான்.

இஞ்சினீயர் கோட்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு வந்துரும்" என்றார் அண்ணனிடம்.

அண்ணி என் பக்கத்தில் வந்து, "கண்ண மூடிக்கினுதானே நின்ன?" என்றார்.

"புழுதி அண்ணி."

"புழுதி அப்புறம்தான் வந்துச்சு."

நாம் எல்லாவற்றுக்கும் நம் வசதிக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். பத்து பேர் சொன்னால் அதுதான் பெயர். பதினோராவது ஆள் அதை அப்படியே நம்புவான் என்று யாராவது யோசிக்கிறோமா? தெரிந்தவனுக்கு அது பெயர்... தெரியாதவனுக்கு அது உத்தரவு. பொருளோ தன் குணப்படிதான் நடக்கும்.

ஷெட்டுக்கு வந்ததும் ரஹீமிடம் சத்தியம் செய்தேன். "இனிமே என் வாயில ஆயில்னு வராதுடா. ஃப்ளூயிட்டுன்னா எவனுக்கும் புரியாது. அதனால ப்ரேக் தண்ணின்னு அழகாத் தமிழ்ல சொல்லப்போறேன்."

ரஹீம் டியூபைத் தொட்டியில் முக்கிக்கொண்டே சொன்னான்: "சொல்லு சொல்லு, நாளைக்கே ஒருத்தன் கொழாயடில புடிச்சி ரொப்பிக்கினு வருவான்."