கிலோக்காரர் பை தேடிய நாலு சனிக்கிழமை

பை வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்கள். அந்த மனுஷன் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலை, நான் ஷட்டரைத் தூக்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து சின்னதும் பெரிதுமாக அட்டை டப்பாக்களை எடுத்து என் மேஜைமேல் அடுக்க ஆரம்பித்தார். எல்லாம் வீட்டில் வெட்டி ஒட்டியவை. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதியிருந்தது. கேமரா, மூன்று கிலோ நூறு. பெரிய லென்ஸ், அறுநூற்றிப் பத்து. ஃபிலிம் சட்டம் பத்து, ஒரு கிலோ எண்ணூறு. ஒன்றை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே உப்பு.

கேமரா எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். அதையே கொண்டுவந்திருக்கலாமே என்றேன். முடியாது என்றார். சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்து வைத்தார். எனக்கோ அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பதினோரு வருஷமாக இந்தக் கடையில் பை விற்கிறேன். உப்பு மூட்டையைக் கேமரா என்று சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிவிட்டு, "நீங்க மாட்டிப் பாருங்கம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விற்கத்தான் சம்பளம் தருகிறார்கள், சுமக்க இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் மனைவியும் என் உயரம்தான் என்றும், அவர்கள் முதுகுக்குத்தான் பை தேடுவதாகவும் நிதானமாகச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? உயரத்தை வைத்துப் பை வாங்கக்கூடாது, கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை எத்தனை என்பதுதான் கணக்கு என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வரும்போதே நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மத்தியானம் மனைவி குப்புறப் படுத்துத் தூங்கும்போது நூல் வைத்து அளந்தாராம். என்னை அளந்து பார்த்தால் எனக்கும் அதே நாற்பத்திரண்டு. தப்பிக்க வழியில்லாமல் பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினேன்.

அன்றைக்குத்தான் ஆளைப் பற்றிக் கொஞ்சம் கறந்தேன். பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிற வேலை, இருபத்தாறு வருஷம். கையில் தூக்கினாலே கிராம் கணக்கில் சொல்லிவிடுவார். என் சாப்பாட்டுப் பையைத் தூக்கி எழுநூற்றி ஐம்பது என்றார். அவர் போனபிறகு பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், எழுநூற்றி நாற்பது. அப்போதே கிலோக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. முன்பெல்லாம் அந்த ஃபிலிமை இருட்டறையில் கழுவியே ஆகவேண்டுமாம். அப்படிப் பழகிய கைதான் இந்தக் கேமராவுக்கும் வந்திருக்கிறது. அது நாம் நினைக்கிற கேமரா இல்லை. மடிப்பு மடிப்பாக இழுபடுகிற பெட்டி. கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பின்னாலிருக்கிற கண்ணாடியில் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். ஒரு ஃபிலிமுக்கு ஒரு படம். நாள் முழுக்க நின்றால் இரண்டு படம் தேறும். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, உப்பு ஏரி, கைவிட்ட சுரங்கம், மலைமேல் ஒற்றை மரம் என்று இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்களாம். இருபத்திரண்டு வருஷமாக இப்படி.

"படம் எடுக்கிறது அவங்க. தூக்கறது நான்" என்றார், ஏதோ பதவியைச் சொல்கிற மாதிரி.

பையைப் பொறுத்தவரை ஆள் படுத்தி எடுத்துவிட்டார். கேமராவுக்கென்றே வருகிற பைகளைக் காட்டினேன். உள்ளே பஞ்சுத் தடுப்பு, அறை அறையாக, பார்க்க அம்சமாக இருக்கும். வெறும் பையைத் தூக்கினார். மூன்று கிலோ நானூறு என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் மலையேறுகிறவர்கள் வாங்கும் பை ஒன்றை எடுத்தேன், அதில் பாதி எடைதான். முதுகுப்பக்கம் திறக்கும். தோள் பட்டை மேலே பார்க்கப் போட்டுத் திறப்பதால் ஈரத்தரையிலும் அதில் சேறு ஒட்டாது. பஞ்சு இல்லையே என்றேன். கறுப்புத் துணி எப்படியும் போகத்தானே வேண்டும், கேமராவை அதிலேயே சுற்றிவிடலாம் என்றார். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கனமானது அடியில் இருந்தால் இடுப்பைப் பின்னால் இழுக்கும், முதுகோடு ஒட்டி மேலே இருக்கட்டும் என்று நான் சொல்ல, அவர் மாற்றி அடுக்க, இருவருக்கும் பொழுது போனதே தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, கேமரா முக்காலிக்குப் பதிலாகக் கொண்டுவந்த கட்டையைப் பக்கவாட்டில் கட்டியதில் நான் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தேன். அதை நடுவில் மாற்றிக் கட்டும்போதுதான், இவ்வளவு பாடு எதற்கு, அவர்களையே கூட்டி வரலாமே என்று கேட்டுவிட்டேன். கட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார்.

ஏழு மாதம் முன்னால் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. நடக்கலாம், மெதுவாக ஏறலாம், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. அவர் வீடு திரும்பிய வாரமே மனைவி, எனக்கும் மூட்டு வலிக்கிறது, சுற்றியது போதும் என்று சொல்லிவிட்டார்களாம். கேமராவை விலைக்கு வாங்க ஆளும் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகிறார்.

"பொய் சொல்றாங்கம்மா. தினமும் அந்தக் கண்ணாடியைத் தொடச்சு வெக்கறாங்க. அவங்களே தூக்கற மாதிரி ஒரு பை கிடைச்சிட்டா, சாக்கு சொல்ல முடியாதில்ல? தனியா போய்ட்டு வரட்டும்."

அன்றைக்கு அவர் சொல்லாமலே இன்னொரு தடவை மாடி ஏறினேன்.

நாலாவது சனிக்கிழமை கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம், ஆளுக்கொரு பையைப் பிடித்து இழுக்கிறார்கள். இடுப்புப் பட்டை படியில் நழுவுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டால் வாங்கிவிடலாம் என்றார். பத்து நிமிஷம் பொறுங்கள் என்றேன். திரும்பிப் பார்த்தால் ஆளையும் காணோம், பையையும் காணோம்.

மாடிப்படிக்கு ஓடினேன். முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார், பை முதுகில், முகம் சுண்ணாம்பாக. பையைக் கழற்றித் தண்ணீர் கொடுத்து, மூச்சு நிதானமான பிறகு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பெரிய மனுஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். ஃபோனைப் பிடுங்கி அவர் மனைவியைக் கூப்பிட்டேன்.

இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக் கோட்டோடு வந்து நின்றார்கள், என் உயரமேதான். முதலில் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். அப்புறம் பையைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். நான் நாலு வாரக் கதையையும் ஒளிக்காமல் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டுப் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்து, மூன்றாவது மாடி வரை போய்விட்டு வந்தார்கள். மூச்சு வாங்கவில்லை. பட்டையும் நழுவவில்லை.

கிலோக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

"பாத்தியா? உன்னால முடியும். நாளைக்கு வரவருகிட்ட வேண்டாம்னு சொல்லிடு. நீ போய்ட்டு வா."

அந்த அம்மா பையை மெதுவாகக் கீழே இறக்கினார்கள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் கோபம்தான்.

"இருபத்திரண்டு வருஷமா பை தூக்கறதுக்கா உங்களைக் கூட்டிட்டுப் போனேன்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூக்க முடியாதவன் எதற்குக் கூடப் போக வேண்டும் என்று அவரே முடிவு கட்டியிருக்கிறார். அவர் வராத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று இவர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஏழு மாதம், இதை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நான்தான் முட்டாள் மாதிரி நடுவில் மாடி ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"துணிக்குள்ள தலையை விட்டா எனக்கு வெளியில ஒண்ணும் தெரியாது" என்றார்கள், இப்போது கொஞ்சம் தணிந்து. "மேகம் வருது, இருன்னு சொல்ல யார் இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தபடி, "ஆளு வரேன்னு சொல்லியிருக்காரே" என்றார்.

"வந்தா டீ குடிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். இந்தப் பெரிய பை எனக்கு, இவருக்கு ஒரு சின்னப் பை கொடுங்கள் என்றார்கள். மேல் தட்டிலிருந்து பிள்ளைகள் மாட்டுகிற அளவில் நீலப் பை ஒன்றை இறக்கினேன். முந்நூறு கிராம்கூட இருக்காது. கிலோக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் என்னத்தை வெக்கறது?"

"உங்க மாத்திரையை."