சரிவுத் தோட்டமும் ஏழு ஓட்டைகளும்

சரிவான கொல்லைப்புறத்தைச் சமன்செய்து, தடுப்புச் சுவர் கட்டி, மேலே புல் விரித்துத் தரும் தொழிலில் நிம்மதியான மாதம் என்று ஒன்று கிடையாது. கோடையில் புல் சுடும். மழையில் சுவரை நினைத்துத் தூக்கம் வராது. இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்காரர் மனசு மாறுவார். அடுத்தவர் வீட்டில் கூரையோ குழாயோ சுவரோ செய்து கொடுத்துவிட்டு, மழை பெய்யும்போதெல்லாம் தன் வீட்டில் உட்கார முடியாமல் நடப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியில் ஏது சரிவு என்று கேட்பீர்கள். நெல்லித்தோப்பில் சரிவும் இல்லை, தோட்டமும் இல்லை. ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில் சைக்கிள் நிறுத்தினாலே சண்டை வரும். வடக்கே கருவடிக்குப்பம் பக்கம் போனால் செம்மண் மேடு. அங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்களின் கொல்லைதான் என் பிழைப்பு. ஒரு ஸ்கூட்டி, மேஸ்திரி அருளப்பன், அவருடைய ஆட்கள் நான்கு பேர், நான். இவ்வளவுதான் கம்பெனி.

தண்ணீரின் பழக்கம்

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் புல் மட்டும் போதும், சுவர் வேண்டாம் என்றார். பின்வாசலுக்கும் எல்லைக்கும் நாலு அடி இறக்கம் இருந்தது. எங்கள் தோட்டம் சமம்தான் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அருளப்பன் நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்த்துக் காட்டினார். டியூபுக்குள் காற்று இருக்கும் என்றார் வாத்தியார். ரசமட்டத்தை வைத்துக் காட்டினோம். அது பழசு என்றார்.

அருளப்பன் அதிகம் பேசுகிறவர் இல்லை. குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து பின்வாசல் படியில் கவிழ்த்தார். தண்ணீர் யாரையும் கேட்காமல் ஓடி, கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு, எல்லைச் சுவரின் மூலையில் போய்த் தேங்கி நின்றது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "தண்ணி அந்தப் பக்கம் போறது அதோட பழக்கம்மா. மண்ணு சமமாத்தான் இருக்குது."

முதலியார்பேட்டை மாடு

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில்தான் பிளாஸ்டிக் புல் எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்தது. கோரைப்பாய் போலச் சுருட்டி லாரியில் வரும். பிரித்து ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால்தான் சுருக்கம் போய்ப் படியும். முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் உள்ளே இடம் இல்லாததால் தெருவிலேயே விரித்தோம். வெயிலில் பளபளவென்று பச்சை. நானே கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டு நின்றேன்.

எங்கிருந்தோ ஒரு மாடு வேகமாக வந்தது. முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. நேராக ஓரத்தைக் கவ்வி இழுத்து மென்றது. ஒரு நிமிஷம் மென்ற பிறகு வாய் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மாட்டின் பார்வையில் இவ்வளவு கேள்வி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்னாலேயே ஓடிவந்த மாட்டுக்காரம்மா அதன் வாயில் விரலை விட்டுப் பச்சை நாரை உருவி எடுத்து, என் கையில் வைத்தார். "மனுஷனுக்கு விக்கிறது உன் பொழப்பு, வித்துக்க. இதுங்க கண்ணுல படுற மாதிரி ஏன் விரிக்கிற?"

சாகாத புல்

வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டைக் காளியம்மாள் என்கிற அம்மாள் பார்த்துக்கொண்டார். சுவர் கட்டி, முதலில் நிஜப் புல்தான் போட்டோம். அது காய்ந்து போனதும் முதலாளி போனில் சொல்ல, பிளாஸ்டிக் புல்லை விரித்துவிட்டு வந்தேன். "இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம் காளிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மூன்று மாதம் கழித்துச் சுவரில் விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கட்டி முடித்த சுவரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது என் வியாதி. போனால், அந்த அம்மாள் குழாயைப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கு விடாமல் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். காலையும் சாயங்காலமும் தினமும் நடக்கிறதாம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இது வளராது, எத்தனை தடவை சொன்னேன் என்றேன். காளியம்மாள் குழாயைக் கீழே வைக்கவில்லை. "வளக்கிறதுக்கு ஊத்தலம்மா. மொதல்ல போட்ட புல்லு என் கையில செத்துப் போச்சு. இது மூணு மாசமா சாவாம இருக்குது. இப்பப் போயி நிறுத்தச் சொல்றியே."

முசியேவின் இரக்கம்

லூயி முசியே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்; முசியே என்றால் ஐயா, மதாம் என்றால் அம்மா. அவர் மனைவி தெரேஸ் மதாமுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகு சக்கர நாற்காலிதான். கருவடிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் உடனே செம்மண் சரிவு. இரண்டு வருஷமாக மதாம் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. "கொல்லைக் கடைசி வரைக்கும் நாற்காலி போவணும் கலா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார் முசியே.

சரிவின் அடியில் ஆளுயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, மண் நிரப்பிச் சமன்செய்து பிளாஸ்டிக் புல்லும் விரித்தாகிவிட்டது. கதவிலிருந்து நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் மட்டும் பாக்கி. மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காகச் சுவரின் கீழ்ப்பக்கம் ஏழு ஓட்டைகள் விட்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்வில், வசந்தா என்பவளின் தகரக் கூரைச் சமையலறை. காலையில் இட்லிக் கடை போடுகிறவள். முதல் மழையிலேயே ஓட்டை வழியாக வந்த செந்தண்ணீர் அவளுடைய விறகை நனைத்துவிட்டது. வசந்தா வந்து முறையிட்டாள். முசியே இரக்கப்பட்டு, என்னைக் கேட்காமல், ஏழு ஓட்டையையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

சாய்தளத்துக்கு அளவெடுக்கப் போன அன்று அதைப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே தேங்கினால் சுவர் தாங்காது, எடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். நல்ல மனுஷர், வயதில் பெரியவர். அதற்கு மேல் வாக்குவாதம் பண்ண எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் சரி என்பதற்குப் பிரெஞ்சில் 'சா வா' என்பது அவர் வழக்கம்; சிரித்துக்கொண்டே என்னை வாசல் வரைக்கும் வழியனுப்பினார். "மழ வலுக்கிற அன்னிக்கு எடுத்துட்டாப் போச்சு. சா வா, கலா. ஒண்ணும் ஆவாது."

இட்லிக் குண்டான்

மழை வலுத்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. முசியே வீட்டு போன் வேலை செய்யவில்லை. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அரிசி களைந்து வைத்தேன், உலை வைக்க மறந்தேன். "ஒரு எடத்துல உக்காரு, உன்னப் பாத்தாலே எனக்குக் கால் வலிக்குது" என்றார் என் வீட்டுக்காரர். மூன்றாம் நாள் மதியம் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கிளம்பும்போதே அருளப்பனுக்கும் போன் போட்டேன். சொந்தத்தில் ஞானஸ்நான விருந்தில் இருந்தார். ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "வந்துட்டேன்" என்று வைத்துவிட்டார்.

நேராக வசந்தா வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். ஏழு அடைப்பும் அப்படியே இருந்தன, நடுவில் வயிறு தள்ளியிருந்தது. கல் இடுக்குகளில் செந்தண்ணீர் கசிந்தது. அந்தச் சுவரை ஒட்டிய சமையலறையில் வசந்தா இட்லி வேகவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு.

"வசந்தா, உடனே வெளிய வாங்க. செவுரு சரியில்ல" என்றேன்.

"வெளிய எங்க போறது? வீடு பூரா ஒழுவுது. இது ஒண்ணுதான் ஒழுவாத எடம்."

"சொன்னாக் கேளு."

"இது வெந்ததும் வர்றேன்."

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கரித்துணியைச் சுற்றி, கொதிக்கிற இட்லிக் குண்டானை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தேன். மணிக்கட்டில் ஆவி பட்டுச் சுட்டது. அடுத்த வேளைச் சாப்பாடு போகிறதே என்று பிள்ளைகள் என் பின்னால் வந்தன. குண்டான் போகிறதே என்று வசந்தா திட்டிக்கொண்டே வந்தாள். தெருமுனைத் தையல்கடை ஓரமாக அவர்களை நிறுத்திய பிறகுதான் குண்டானைக் கீழே வைத்தேன்.

அருளப்பன் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து சேர்ந்தார். சுவருக்கு எதிரில் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்றபடியே கடப்பாரையை நீட்டி அடைப்புகளை இடித்தார். மூன்று உடைந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் பீறிட்டது. நாலாவதற்குப் போகும்போது என்ன கேட்டதோ, கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சுவரின் நடுப்பகுதி, கட்டில் அகலத்துக்கு, மெதுவாகச் சாய்ந்து சமையலறைத் தகரத்தின் மேல் விழுந்தது. சத்தம் அடங்கியபோது அடுப்பு இருந்த இடத்தில் கல்லும் சேறும் கிடந்தன. மேலே, மண் போன பிறகும், பச்சைப் புல் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

முசியே குடையில்லாமல் ஓடிவந்தார். வசந்தாவின் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க, எல்லாரும் வீட்டுக்கு வாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தா அசையவில்லை. இடிந்த இடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஓட்டைய அடைக்கச் சொன்னது நாந்தான். எனக்கு என்னா தெரியும்? தெரிஞ்சவ நீ, அன்னிக்கே வந்து என்னைத் திட்டியிருக்கலாம்ல?"

கொல்லைக் கடைசி

சமையலறை எழும்பும் வரைக்கும் வசந்தாவின் குடும்பம் முசியே வீட்டு முன்னறையில் இருந்தது. இட்லிக் கடையும் அந்த வாசலிலேயே நடந்தது. முதலில் வசந்தாவின் சமையலறை, பிறகுதான் சுவர் என்று அருளப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். சுவரை மறுபடி கட்டியபோது ஓட்டைகளுக்குக் கீழே ஒரு சிமெண்ட் வாய்க்கால் போட்டு, தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினோம். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் விறகும் நனைந்திருக்காது, அடைப்பும் தேவைப்பட்டிருக்காது. அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் வாய்க்காலைப் பார்த்தேன்.

சாய்தளம் காய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, மதாமை இறக்கினார்கள். முசியே பின்னால் பிடித்துக்கொண்டார். வசந்தா முன்னால் நின்று நாற்காலியைத் தாங்கியபடி பின்வாக்கில் நடந்தாள். நான் சுவர் ஓரமாக நின்று அடிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் புல்லில் ஏறி, கொல்லைக் கடைசி வரைக்கும் போய் நின்றது. முசியே நாற்காலியைத் திருப்பினார்.

மதாம் கடலையோ வானத்தையோ பார்க்கிற மாதிரி வெகுநேரம் வீட்டைப் பார்த்தார். முசியேவின் கண் கலங்கிவிட்டது. வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். வாதத்தில் இழுபட்ட குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "லூயி, இங்கேருந்து பாத்தா வீட்டுக்கு வெள்ளையடிக்கணும் போலருக்கே."

தொழிலை விட்டு வருஷக்கணக்காகிறது, ஆனாலும் விருந்துக்குப் போகிற வீட்டில் இலை போடுவதற்கு முன்னால் கை கழுவப் போகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய், சுவருக்கு வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் நான் உட்காருகிறேன்.